ஏனல் செக்ஸ்: உடல் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது?

இரவு ஒரு மணிக்கு மொபைலில் தேடிப் பார்த்துவிட்டு, உடனே ஹிஸ்டரியை அழித்துவிடும் கேள்விகள் சில உண்டு. 'ரொம்ப வலிக்குமா?', 'ரத்தம் வந்தா என்ன பண்றது?', 'எச்.ஐ.வி. வந்துடுமா?', 'இது சட்டப்படி தப்பா?' ஆசனவாய் வழி உறவு, அதாவது ஏனல் செக்ஸ் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கப்படுகின்றன. நண்பர்களிடம் கேட்டால் கிண்டல். டாக்டரிடம் கேட்கக் கூச்சம். மிச்சம் இருப்பது ஆபாசப் படம்தான். அதில் யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை, யாருக்கும் வலிப்பதில்லை, யாரும் பாதியில் நிறுத்துவதும் இல்லை.

வேலைக்காக ஊரை விட்டு டெல்லி, நொய்டா, குருகிராம் என்று வந்து தனியாக இருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். தமிழிலேயே சொல்லத் தயங்கும் விஷயத்தை, முன்பின் தெரியாத டாக்டரிடம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்லியாக வேண்டும். அதனால் பலர் சொல்வதே இல்லை. சாதாரண மருந்தில் ஆறிவிடும் புண்ணைக்கூட மாதக்கணக்கில் மறைத்து வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

இந்தக் கட்டுரை 18 வயது நிறைந்தவர்களுக்கானது. இதைச் செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ சொல்வது நோக்கம் அல்ல. முடிவு உங்களுடையது. அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவல் மட்டும் இங்கே.

இவ்வளவு மௌனம் எதனால்?

காரணங்களில் ஒன்று, இது 150 ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றமாக இருந்தது. 1860-ல் பிரிட்டிஷார் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் கொடுத்தது. இது ஆண்-ஆண் உறவுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சட்டத்தின் எழுத்துப்படி, கணவன்-மனைவி இருவரும் விரும்பிச் செய்தாலும் குற்றம்தான்.

இந்தச் சட்டம் சுகாதாரத்தை எப்படித் தடுத்தது என்பதற்கு டெல்லியே சாட்சி. 1994-ல் திகார் சிறையில் கைதிகளுக்கு ஆணுறை கொடுக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, சிறை நிர்வாகம் மறுத்துவிட்டது. குற்றம் என்று சட்டம் சொல்லும் ஒரு செயலுக்கு அரசே எப்படி ஆணுறை கொடுக்கும் என்பது சிக்கல். எய்ட்ஸ் பாகுபாட்டுக்கு எதிராக இயங்கிய ஏ.பி.வி.ஏ. என்ற குழு, 377-ஐ எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கு கரை சேரவில்லை. எச்.ஐ.வி. பணியில் இருந்த நாஸ் ஃபவுண்டேஷன் 2001-ல் மறுபடியும் வழக்குப் போட்டது.

அதில் ஒரு விநோதம் நடந்தது. மத்திய உள்துறை அமைச்சகம் 377 வேண்டும் என்றது. அதே அரசின் சுகாதாரத் துறையின் கீழ் வரும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ, இந்தச் சட்டத்துக்குப் பயந்து மக்கள் ஒளிந்துகொள்வதால் எச்.ஐ.வி. தடுப்பு வேலையே பாதிக்கப்படுகிறது என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. 2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.பி. ஷா, எஸ். முரளிதர் அமர்வு, வயது வந்தவர்கள் சம்மதத்துடன் தனிமையில் செய்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. முரளிதர் சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் மறுபடியும் குற்றமல்ல என்று சொல்லி முடித்துவைத்தது.

சட்டம் விலகிக்கொண்டது. பேசாமல் இருக்கும் பழக்கம்தான் இன்னும் விலகவில்லை. ஆகவே உடலில் இருந்து தொடங்குவோம்.

ஒரு கேட், இரண்டு வாட்ச்மேன்

ஆசனவாய்க் குழாயின் நீளம் ஏறக்குறைய 3 முதல் 4 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள மலக்குடல். இந்தச் சின்னக் குழாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள், ஒன்றுக்குள் ஒன்றாக, வளையம் போல இருக்கின்றன.

வெளியே இருக்கும் வளையம் நம் பேச்சைக் கேட்கும். இறுக்கு என்றால் இறுக்கும், விடு என்றால் விடும். மீட்டிங் நடுவில் வயிற்றைக் கலக்கினால் காப்பாற்றுவது இதுதான். உள்ளே இருக்கும் வளையம் அப்படி அல்ல. அது இதயத்துடிப்பு, செரிமானம் போலத் தானியங்கி நரம்புகளின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீங்கள் தூங்கும்போதும் மூடியே இருப்பது இதனால்தான். இதற்கு யாரும் உத்தரவு போட முடியாது. உங்கள் துணையால் முடியாது, உங்களாலும் முடியாது.

பயமோ பதற்றமோ வந்தால் அந்தப் பகுதி மொத்தமும் இறுகும். நிதானமாக, பழகப் பழக, உள்வளையம் தானாகத் தளரும். 'ஓகே'ன்னு வாய் சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கும் வாட்ச்மேன் இன்னும் கேட்டைத் திறக்கவில்லை என்றால் வலிக்கும். அந்த நேரத்தில் தள்ளினால் தோல் கிழியும். கிழிந்த இடம் வலிக்கும்போது தசை இன்னும் இறுகும், இறுகினால் வலி இன்னும் கூடும். முதல் அனுபவமே மோசமாகிப் போனது என்று சொல்பவர்கள் பலர் மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான்.

இன்னும் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, யோனியைப் போல இங்கே தேவையான வழவழப்பு தானாக ஊறாது. உராய்வு முழுக்கத் தோலின் மேல்தான் விழும்.

இரண்டு, யோனியின் உட்சுவரில் செல்கள் பல அடுக்காக இருக்கும். மலக்குடலின் உட்பூச்சு ஒரே அடுக்கு செல்லால் ஆனது. எளிதில் சிராய்க்கும், கிருமி நுழைவதும் எளிது.

மூன்று, ஆசனவாயின் கீழ்ப்பகுதியில் வலி உணரும் நரம்புகள் மிக அடர்த்தி. கொஞ்சம் மேலே, மலக்குடலுக்குள், வெட்டுக்காயத்தின் வலி தெரியாது, விரிவதும் அழுத்தமும் மட்டும்தான் தெரியும். அதாவது, உள்ளே காயம் பட்டாலும் வலிக்காமல் போகலாம். அதோடு மலக்குடல் நேரான குழாயும் அல்ல. தசை ஒன்று அதை முன்பக்கமாக இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. வேகமும் ஆழமும் ஆபத்தாவதற்கு இந்த இரண்டும் காரணம்.

மரத்துப்போகச் செய்யும் ஜெல்லோ ஸ்ப்ரேயோ பூசிக்கொள்வது ஏன் தப்பு என்பதும் இப்போது புரியும். வலி ஒன்றுதான் 'நிறுத்து' என்று சொல்லக்கூடியது. அதையும் அணைத்துவிட்டால் காயம் படுவதே தெரியாது.

இதில் இன்பம் எங்கிருந்து வருகிறது?

ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் புடெண்டல் நரம்புதான், ஆண்குறிக்கும் பெண்களின் கிளிட்டோரிஸுக்கும் கிளை அனுப்புகிறது. அந்த இடம் தொடுதலுக்கு இவ்வளவு கூர்மையாக இருப்பது அதனால்தான். பலருக்கு வெளிப்புறத் தொடுதலே போதுமானதாக இருக்கிறது.

ஆண்களுக்கு மலக்குடலின் முன்சுவரை ஒட்டி, சில சென்டிமீட்டர் உள்ளே, புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. அதன்மேல் படும் மிதமான அழுத்தம் சிலருக்கு இன்பமாக இருக்கும், சிலருக்குச் சிறுநீர் வருவது போல இருக்கும். இதை ஒரு ஆண் விரும்புவதால் அவர் ஓரினச்சேர்க்கையாளர் என்று அர்த்தமில்லை. நரம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பெண்களுக்குப் புராஸ்டேட் இல்லை. ஆனால் கிளிட்டோரிஸ் வெளியே தெரியும் மொட்டு மட்டுமல்ல, உள்ளே இரு பக்கமும் விரிந்து கிடக்கும் உறுப்பு. சுற்றுப்புற அழுத்தம் சிலருக்கு அதுவரை எட்டும்.

பலருக்கு இதில் எந்த இன்பமும் இருப்பதில்லை. அதுவும் முழுக்க இயல்பு. 'எல்லாரும் பண்றாங்க, உனக்கு மட்டும் என்ன?' என்று கேட்கும் துணைக்கு, உடலியல் பாடத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

செய்வது என்று முடிவெடுத்தால்

முதலில் பேச்சு. படுக்கையில் அல்ல, அதற்கு முன்பே. எது சரி, எது வேண்டாம், எந்த வார்த்தை சொன்னால் உடனே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகட்டும்.

வழவழப்புக்கு எச்சில் போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த அல்லது சிலிக்கான் சார்ந்த லூப்ரிகன்ட் வேண்டும், தாராளமாகவே வேண்டும். காய்ந்தால் மறுபடி போட வேண்டும். டெல்லி குளிரில் உறைந்து நிற்கும் அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டில் தலைக்கும் சமையலுக்கும் மட்டும் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின், பாடி லோஷன் எல்லாமே லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். சிலிக்கான் பொம்மைகளோடு சிலிக்கான் லூப்ரிகன்ட் சேரக் கூடாது.

ஆரம்பம் வெளியில் இருந்து. பிறகு, நகம் வெட்டிய ஒரு விரல். உள்வளையம் தளர நேரம் கொடுங்கள். மூச்சை மெல்ல வெளியே விடுவதும், மலம் கழிக்கும்போது செய்வது போல லேசாக முக்குவதும் வெளிவளையத்தைத் தளர்த்தும். வேகம், ஆழம் இரண்டையும் முடிவு செய்வது ஏற்பவராக இருக்க வேண்டும். அவர் மேலே இருக்கும் நிலை, அல்லது பக்கவாட்டில் படுத்த நிலை அதற்கு வசதி. முதல் நாளே முழுமையாக நடந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சுத்தம் பற்றிய கவலை பலருக்கு உண்டு. சாதாரணமாக மலம், மலக்குடலுக்கு மேலே உள்ள பெருங்குடல் பகுதியில்தான் தங்குகிறது. கழிப்பறை போய்வந்து வெளிப்புறத்தைக் கழுவினாலே பெரும்பாலும் போதும். நார்ச்சத்து உள்ள சாப்பாடும் தண்ணீரும் உதவும். உள்ளே கழுவியே ஆக வேண்டும் என்பதில்லை. கழுவுவதானால் கொஞ்சம் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், சோப்பு கூடாது. ஹெல்த் ஃபாசெட்டை உள்ளே வைத்துப் பீய்ச்சுவது மிக ஆபத்து. அந்த வேகத்துக்கு மலக்குடல் தாங்காது. அடிக்கடி கழுவினாலும் உட்பூச்சு புண்ணாகி, தொற்று எளிதில் நுழையும்.

ஆசனவாயில் இருந்து யோனிக்கு மாறினால் ஆணுறையை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வர வாய்ப்பு அதிகம். பொம்மைகள் பயன்படுத்துபவர்கள், அடிப்பாகம் அகலமாக உள்ளதை மட்டும் வாங்குங்கள். மலக்குடலுக்கு மேலே குடல் தொடர்ந்து போகிறது. நழுவிய பொருள் மேலே போய்விடும். போய்விட்டால் வீட்டில் தோண்டி எடுக்க முயலாமல், பேதி மாத்திரையும் போடாமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மது அளவு மீறினால் வலியும் தெரியாது, சம்மதமும் தெளிவாக இருக்காது. பார்ட்டிகளில் கிடைக்கும் 'பாப்பர்ஸ்' திரவத்தை, விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையோடு சேர்த்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரியும். உயிருக்கே ஆபத்து.

எச்.ஐ.வி. பயம் எவ்வளவு நியாயமானது?

நியாயமானதுதான், ஆனால் கையாளக்கூடியது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு இது: சிகிச்சை எடுக்காத, எச்.ஐ.வி. உள்ள ஒருவருடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டால், ஆசனவாய் வழியாக ஏற்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்கு 138. யோனி வழியாக ஏற்பவருக்கு 8. காரணம், மேலே சொன்ன அந்த ஒற்றை அடுக்கு உட்பூச்சு.

குறைக்கும் வழிகள் பல. ஆணுறையும் லூப்ரிகன்ட்டும் முதல் கவசம். பிரெப் என்ற தடுப்பு மாத்திரையை, எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்த பிறகு, டாக்டர் சீட்டோடு எடுக்கலாம். சரியாக எடுத்தால் பாதுகாப்பு ஏறக்குறைய 99 சதவீதம். ஆணுறை கிழிந்துவிட்டது என்றால் பெப் சிகிச்சை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், 'திங்கட்கிழமை பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். டெல்லியில் எய்ம்ஸ், ராம் மனோகர் லோகியா, லோக் நாயக் போன்ற அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மையங்கள் உள்ளன. எச்.ஐ.வி. உள்ளவர் மருந்தைத் தொடர்ந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால், அவரிடமிருந்து உறவு மூலம் தொற்றாது.

கொனோரியா, கிளமிடியா, சிஃபிலிஸ், ஹெர்பிஸ் ஆகியவையும் பரவும். மலக்குடலில் வரும் கொனோரியா, கிளமிடியாவுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது, அந்த இடத்தில் இருந்தே மாதிரி எடுக்க வேண்டும். ஆசனவாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதிக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆண்களும் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும், டெல்லியில் ஐ.சி.டி.சி. என்று கேளுங்கள். நாக்கோவின் இலவச உதவி எண் 1097. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017-ன் எச்.ஐ.வி. சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10, 377 தீர்ப்பு வந்த நான்காவது நாள்.

சம்மதம் இல்லை என்றால் சட்டம் என்ன செய்யும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 377 மொத்தமாகவே இல்லை. சம்மதத்துடன் நடப்பது குற்றமல்ல என்பது இதனால் உறுதியானது. ஆனால் சம்மதம் இல்லாமல் நடந்ததைத் தண்டிக்க மிச்சமிருந்த பகுதியும் அதோடு போய்விட்டது.

பெண்ணுக்கு நடந்தால், 63-வது பிரிவின் கீழ் அது பாலியல் வன்புணர்வு. செய்தவர் கணவர் என்றால், மனைவிக்கு 18 வயது நிறைந்திருக்கும்பட்சத்தில், அந்தப் பிரிவு பொருந்தாது. இந்த விலக்கு செல்லுமா என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் 2022 மே மாதம் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்காக மனைவிக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும். இந்து திருமணச் சட்டத்தில், மனைவி விவாகரத்து கேட்கக்கூடிய காரணங்களில் இதுவும் ஒன்று. பெண்களுக்கான உதவி எண் 181.

பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால், நேரடியான பாலியல் குற்றப் பிரிவு இப்போது இல்லை. காயம் ஏற்படுத்துதல் போன்ற பொதுப் பிரிவுகளில்தான் புகார் கொடுக்க வேண்டும். திருநர்களுக்கு 2019 சட்டத்தின் 18-வது பிரிவு உண்டு, ஆனால் தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரைதான். இந்த ஓட்டை 2024 ஆகஸ்டிலேயே டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, போக்சோ சட்டம் பாயும்.

டேட்டிங் ஆப்பில் பழகி, வரவழைத்து, வீடியோ எடுத்து, 'போலீஸ்ல சொல்லிடுவேன், வீட்டுக்கு அனுப்பிடுவேன்' என்று பணம் பறிப்பது தலைநகரப் பகுதியில் நடக்கிறது. இப்படி மாட்டிக்கொண்டால், குற்றம் செய்தது மிரட்டுபவர்தான், நீங்கள் அல்ல. மெசேஜ்களை அழிக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

துடைக்கும்போது காகிதத்தில் லேசாக ரத்தம், ஓரிரு நாளில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போல வலித்தால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது, நார்ச்சத்து, டாக்டர் கொடுக்கும் களிம்பு ஆகியவற்றில் பெரும்பாலும் ஆறிவிடும். ஆறும்வரை உறவு வேண்டாம். ரத்தம் நிற்காமல் வருவது, கடும் வயிற்றுவலி, காய்ச்சல் இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். சீழ், புண், மரு இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், நம் நாட்டில் பால்வினை நோய்க்கும் அவர்தான் டாக்டர். அரசு மருத்துவமனைகளில் 'சுரக்‌ஷா கிளினிக்' என்று தனியாகவே இருக்கும்.

என்ன நடந்தது என்பதை மறைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள்: 'ஏனல் செக்ஸுக்குப் பிறகு வந்தது.' அது தெரியாமல் மூலம் என்று நினைத்து மருந்து கொடுத்தால் தொற்று உள்ளேயே இருக்கும். டாக்டர் முகம் சுளித்தால் வேறு டாக்டரிடம் போகலாம். மருத்துவப் படிப்பே இதில் தடுமாறியது. தேசிய மருத்துவ ஆணையம் 2024-ல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் இதைப் பாலியல் குற்றப் பட்டியலில் மறுபடியும் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது.

அந்த ஒரு மணிக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால்: அவசரப்பட்டால் வலிக்கும், வலித்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. எச்.ஐ.வி.யைத் தடுக்க வழி இருக்கிறது, 72 மணி நேரக் கணக்கு மட்டும் மறக்க வேண்டாம். இருவரும் 18 தாண்டியவர்கள், இருவருக்கும் விருப்பம் என்றால் சட்டப்படி தப்பில்லை. நாளை வேண்டாம் என்று தோன்றினால், நேற்று சரி என்று சொன்னது கணக்கில் வராது.